ஆப்பிள் வாங்குகிற வீடு

1

எங்கள் பக்கத்தில் ஆப்பிளை யாரும் வீட்டில் தின்பதற்கென்று வாங்குவதில்லை. கொய்யா வாங்குவோம், சப்போட்டா வாங்குவோம், காலத்தில் சீத்தாப்பழமும் நாவல்பழமும் வாங்குவோம். ஆப்பிள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வாங்குவது. கோவில்பட்டியில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற தள்ளுவண்டிக்காரர்கள் ஆப்பிளைத்தான் துடைத்துத் துடைத்து முன்வரிசையில் அடுக்கியிருப்பார்கள். பஸ்ஸில் ஒருத்தி மடியில் ஆப்பிள் பையோடு உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவள் "என்ன விலை" என்று கேட்க மாட்டாள். "யாருக்கு என்ன செய்யுது?" என்றுதான் கேட்பாள்.

நான் இப்போது இருக்கிற ஊரில் தெரு முடிகிற இடத்தில் ஆப்பிள் தோட்டம் தொடங்குகிறது. நியூசிலாந்து. என் மகன் செல்வம் ஆப்பிளைக் குளிரில் தூங்க வைக்கிற பெரிய கிட்டங்கியில் மிஷின் பார்க்கிறான். அடிபட்ட பழத்தைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவருவான். வந்த புதிதில் கார் நிறுத்துகிற இடத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்து, யாருக்கு என்ன செய்யுது என்று பயந்து கேட்டேன். ஒரு வார்டு முழுக்கக் கொடுக்கலாம், அவ்வளவு பழம்.

நாளடைவில் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். போன சித்திரையில் அந்தப் பயம் மறுபடியும் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் என் சங்கதியை என் கையால் எழுதுவதுதான் முறை.

2

எங்கள் அடுப்படியில் ஏர் ஃபிரையர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. கறுப்பாக, கோழிக்கூடு அளவுக்கு இருக்கும். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் உள்ளிருந்து ஒரு தட்டு வெளியே வரும். எண்ணெய் வேண்டாம், தீ வேண்டாம், சூட்டுக் காற்றே சுற்றிச் சுற்றி வேக வைத்துவிடுமாம். நான் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் அந்த ஆபீஸ்தான். தீக்குச்சிக் கட்டைகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாகக் குத்தி வைக்கிற வேலை. அப்படித் தீயோடு பிழைத்தவளிடம், தீயே இல்லாமல் ஒன்று வெந்துவிட்டது என்று சொன்னால் எப்படி நம்புவாள்? அந்தப் பெட்டி வேலை செய்கிற போதெல்லாம் நான் இரண்டடி தள்ளியே நிற்பேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வருகிறேன், அடுப்படியிலிருந்து பட்டையும் கிராம்பும் மணக்கிறது. எங்கள் வீட்டில் பட்டை மணந்தால் ஞாயிற்றுக்கிழமை, கறி எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை அந்த வாடை வரக்கூடாது. மருமகள் சுகந்தி பெட்டியின் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி சுகந்தி, இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி, அத்தை."

"அப்ப பெட்டிக்குள்ள என்ன வேகுது?"

"ஆப்பிள், அத்தை."

தட்டை இழுத்துக் காட்டினாள். தோல் சீவித் துண்டு போட்ட ஆப்பிள். வெண்ணெயும் சீனியும் பட்டை கிராம்புத் தூளும் போட்டுப் பிரட்டியிருந்தது. ஓரம் செவந்து, நடுவில் குழைந்து, அடியில் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"பட்டை கிராம்பெல்லாம் போட்டுட்டு, கறியப் போட மறந்துட்டியா?"

பேத்தி யாழினி சிரித்தாள். அவளுக்கு நான் என்ன சொன்னாலும் சிரிப்பு. "ஆச்சி, இது டெசர்ட்" என்றாள். சுகந்தி சிரிக்கவில்லை. சின்னக் கிண்ணத்தில் நாலு துண்டு எடுத்து, ஊதி ஆற்றி, என் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க அத்தை. பெறவு பேசுவோம்."

நான் கிண்ணத்தை அப்படியே மேடையில் வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

3

அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. உடல் வெளியே போகிற வரைக்கும் ரத்த உறவு பச்சைத் தண்ணீர் குடிக்கத் தயங்கும். அதனால் செய்தி கொண்டு வருகிறவர்கள் வந்தவுடனே சொல்லிவிட மாட்டார்கள். உட்காருவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். கேட்டு, வயிற்றில் ஏதாவது இறங்கியதைப் பார்த்த பிறகுதான் சொல்லுவார்கள். இது ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கம். ஆனால் நமக்கு நடக்கிறபோது நமக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் மணியாச்சியில் ரயில் தண்டவாள வேலை பார்த்தார். ஒரு மத்தியானம் என் அக்கா செண்பகம் தூக்குவாளியோடு வந்தாள். பக்கத்து வீடுதான், நடுவில் ஒரு மதில். நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. "மொதல்ல ஒரு வாய் சாப்பிடு. பெறவு பேசுவோம்" என்றாள். "நீ?" என்றேன். "நான் சாப்பிட்டாச்சு" என்றாள். நான் பசியோடு இருந்தேன். காலையில் ஆபீசில் அவ்வளவு வேலை. "இன்னைக்குப் புளி சரியா நின்னுருக்குக்கா" என்றுகூடச் சொன்னேன். இன்னொரு கரண்டி ஊற்றினாள். வழித்துச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அது பிறகு தெரிந்தது. செய்தி தெரிந்தவளுக்குச் சோறு இறங்காது.

அவர் அங்கே பாயில் கிடக்க, நான் இங்கே புளியைப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கருவாட்டுக் குழம்பு என் வாயில் படவில்லை. அக்காவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

4

ஆகவே நான் கவனிக்கத் தொடங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது, சுகந்தி அந்த ஆப்பிளைத் தின்னவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்கிறாள். எனக்குக் கொடுக்கிறாள், யாழினிக்குக் கொடுக்கிறாள். அவள் ஒரு துண்டுகூட வாயில் போடுவதில்லை. கேட்டால், "வேலையில பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு அத்தை" என்கிறாள். அவள் வயசானவர்களை வைத்துப் பார்க்கிற இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே பல் இல்லாதவர்களுக்கு இதைத்தான் கொடுப்பார்களாம். ஓகோ, நம்மையும் அந்தக் கணக்கில் சேர்க்கப் பார்க்கிறாளோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். எனக்குப் பல்செட்டு இருக்கிறது, முறுக்கே கடிப்பேன்.

அடுத்தது போன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்வம் ஊருக்கு வீடியோ போடுவான். இங்கே பொழுது சாய்ந்தால் அங்கே மத்தியானம். அக்காவும் நானும் அரை மணி நேரமாவது சண்டை போடுவோம். சில வாரங்களாக அக்கா வரவில்லை. அவள் மருமகள் பாண்டிச்செல்விதான் முகம் காட்டுகிறாள்.

"தூங்குதாவ சின்னத்தை."

அடுத்த வாரம், "குளிக்காவ சின்னத்தை." அதற்கடுத்த வாரம், "கோயிலுக்குப் போயிருக்காவ."

"மத்தியான வெயில்ல எந்தக் கோயில்ட்டி நடை தொறந்திருக்கு?"

பாண்டிச்செல்வி வேறு பக்கம் திரும்பி, அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்றாள். பொங்குகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாவதும் ஒன்று உண்டு. ஒரு நாள் சுகந்தி கதவைச் சாத்திக்கொண்டு பேசியது என் காதில் விழுந்தது. "எங்க அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம்க்கா" என்றாள். அவ்வளவுதான் கேட்டேன். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. போகிற வழியில் விழுந்தது.

ஊரில் இருந்திருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மதிலுக்கு மேலே தலையை நீட்டினால் போதும். அக்கா செருப்பு வாசலில் கிடக்கிறதா, கொடியில் அவள் சேலை காய்கிறதா, அடுப்பில் புகை வருகிறதா. மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு வந்து என் வேலையைப் பார்ப்பேன். இங்கே எனக்கு எதுவும் நேராக வருவதில்லை. ஊர்ச் செய்தி மகன் போன் வழியாக, டாக்டர் சொல்வது மருமகள் வாய் வழியாக, பேத்தி பேசுவது அவள் அம்மா தமிழாக்கி. நடுவில் இருக்கிறவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் என் குணம் என்று செல்வம் சொல்கிறான். இங்கே எனக்கு மதிலும் சாளரமும் அதுதான்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். சாப்பிட வைத்த பிறகுதானே சொல்லுவார்கள்? சாப்பிட்டால்தானே? சுகந்தி கையால் எது வந்தாலும் தொடவில்லை. அவள் வேலைக்குப் போன பிறகு நானே கஞ்சி வைத்து, நானே ஊற்றிக்கொண்டு, நின்றபடியே குடித்தேன். நானாகக் குடிப்பது அந்தக் கணக்கில் வராது. நான் அவள் கையால் சாப்பிடாத வரைக்கும் ஊரில் அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கிறுக்குத்தனம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

5

அத்தை சாப்பிடுவதில்லை என்று சுகந்தி என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த ஊர் கவர்மெண்டு மேலும் ஆஸ்பத்திரி மேலும் எனக்கு மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. விசாவுக்காக ஒரு தடவை விரல் ரேகை எடுக்கப் போய், என் விரலில் ரேகையே விழவில்லை. கட்டை அடுக்கி அடுக்கித் தேய்ந்த விரல். ரேகை எடுத்த பெண் என் கையைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் என்னையே சந்தேகமாகப் பார்த்தாள். நான் யார் என்று நானே சொன்னால் போதாதா?

டாக்டர் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் மேஜை மேல் ஒரு போன் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண் தமிழில் பேசும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எங்கேயோ வேறு ஊரில் இருந்துகொண்டு பேசுகிறது.

"வணக்கம் அம்மா. உங்களுக்குப் பசி இல்லையோ? ஏன் சாப்பிடுறேல்ல?"

"பசியெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. வீட்ல என்கிட்ட எதையோ மறைக்காவ. அது தெரியிற வரைக்கும் இவ கையால சாப்பிட மாட்டேன்."

பிறகு அந்தப் பிள்ளை இங்கிலீசில் சொன்னது. டாக்டர் அம்மா எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நர்ஸ் வந்து சுகந்தியை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். டாக்டர் அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்டார்.

"அம்மா, டொக்டர் கேக்கிறா. வீட்டில உங்களுக்கு ஆரும் அடிக்கிறவையோ? பயப்படுத்துறவையோ? பயப்படாமல் சொல்லுங்கோ. இங்க உங்களுக்கு உதவி இருக்கு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது, நான் சொன்னது எங்கே போய் நிற்கிறது என்று. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"ஏ தாயி, அந்தம்மாகிட்ட இப்படிச் சொல்லு. என் மருமவ இதுவரைக்கும் என்னைய எடுத்தெறிஞ்சு ஒரு வார்த்த பேசுனதில்ல. காச்சல்னா என் காலப் பிடிச்சுவிடுத பிள்ள அவ. சந்தேகப்படுதது நான். அது எனக்கும் அவளுக்கும் உள்ள சங்கதி. கவர்மெண்டுக்கு அதுல ஒரு சோலியும் இல்ல."

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. "இதை நான் எப்பிடியம்மா இங்கிலீசில சொல்றது?"

"சொன்னத சொன்னபடி சொல்லு."

திரும்பி வருகிற வழியில் தோட்டங்களில் இலை பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. சித்திரையில் இலை உதிர்கிற ஊர் இது. சிக்னலில் நிற்கும்போது சுகந்தி சொன்னாள்.

"என்னைய வெளிய போகச் சொல்லிட்டாவ அத்தை. வேலை பாக்குற எடத்துல, யாராவது ஆச்சி சாப்பிடாம இருந்தா, கூட வந்தவியள வெளிய அனுப்பிட்டு நாங்க கேக்குற கேள்வி அது. இன்னைக்கு என் வீட்டு ஆளுகிட்டயே கேட்டுட்டாவ."

"நீ அப்படிப்பட்டவ இல்லன்னு நான் சொல்லிட்டேன்."

"அப்ப என்னத்த மறைக்கேன்னு சொன்னிய?"

"அத நீதான சொல்லணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினாள். 'ஒண்ணும் மறைக்கல' என்று அவள் சொல்லவில்லை. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

6

மறுநாள் யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஊரிலிருந்து அப்பளம் சுற்றிக் கொண்டுவந்த மஞ்சள் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதில் மைதீன் பாய் கடை நம்பர் அச்சடித்திருந்தது. ஊரில் எங்கள் தெருமுனையில் பலசரக்கும் பழமும் விற்கிற கடை. அந்தத் தெருவில் யார் வீட்டில் உலை வைக்கவில்லை என்பது பாய்க்குத் தெரியும்.

"இதுக்கு ஒரு போன் போடு. ஒங்கம்மாகிட்ட சொல்லாத."

"வொய், ஆச்சி?"

"போடுன்னா போடு."

மணி அடித்தது. தராசுச் சத்தமும் பஸ் ஹாரனும் கேட்டதும் எனக்கு ஊருக்கே போய்விட்ட மாதிரி இருந்தது.

"யாரு?"

"வெள்ளைத்தாய் பேசுதேன் பாய். செண்பகத்துத் தங்கச்சி."

"அடடே, பாரின் அக்காவா. சொகமா இருக்கியளா? அங்கன குளிராமே?"

"குளிரு கெடக்கட்டும். எங்கக்கா கடப்பக்கம் வருதாளா?"

பாய் யாருக்கோ சில்லறை கொடுத்தார். கொடுத்து முடிக்கிற அளவுக்கு மேல் நேரம் எடுத்தார்.

"அக்காவப் பாத்து கொஞ்ச நாளாச்சு. மருமவப் பிள்ளதான் வரும்."

"என்ன வாங்குதா?"

"இதென்ன கேள்வி? அரிசி, பருப்பு, சீயக்காய்..."

"பழம் வாங்குதாளா?"

"வாங்குது."

"என்ன பழம் பாய்?"

ஏன் கேட்கிறேன் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு அவர்தான் ஆப்பிள் எடைபோட்டுக் கொடுக்கிறவர்.

"ஆப்பிளுதான்" என்றார். "வாரம் தவறாம."

"யாருக்குன்னு கேட்டியளா?"

"கேட்டேன்க்கா. வீட்டுக்குத்தான்னு சொல்லிட்டு வெரசா போயிருச்சு. அதுக்கு மேல நான் எப்படிக் கேக்க?"

வைக்கிறேன் பாய் என்று போனைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். யாழினி பயந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாட் ஹாப்பண்ட் ஆச்சி? யாரு என்ன சொன்னா?"

"பெரியாச்சி வீட்ல ஆப்பிள் வாங்குதாவளாம்."

"ஆப்பிள் வாங்கினா என்ன?" என்றாள்.

அவள் பள்ளிக்கூடப் பையில் தினமும் ஒரு ஆப்பிள் போகிறது. நான் என்ன சொன்னாலும் அது அவளுக்குப் பழம்தான். என்னோடு சேர்ந்து பயப்பட அந்த வீட்டில் ஆள் இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் அவளால் என்ன முடியும்?

7

சுகந்தி வேலை உடுப்போடு வந்தாள். நான் விளக்கு ஏற்றவில்லை.

"உக்காரு. நான் காலையில இருந்து சாப்பிடல. வெறும் வயித்தோட கேக்கேன், வெறும் வயித்தோட சொல்லு. எங்கக்கா இருக்காளா, போய்ச் சேந்துட்டாளா?"

அவள் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. "ஐயோ அத்தை. இருக்காவ. நல்லா இருக்காவ. இதத்தான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தியளா?"

"பின்ன?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைப் போட்டாள். பாண்டிச்செல்வி முகம் வந்தது.

"அக்கா, பெரியத்தைகிட்ட குடுங்க. இனி என்னால முடியாது."

"என்னையக் கொன்னுபோடுவாவட்டி."

"இங்க நான் செத்தேபோயிட்டேன்க்கா. குடுங்க."

மின்விசிறி தெரிந்தது, சுவர் தெரிந்தது, கடைசியில் அக்கா தெரிந்தாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். கண் மட்டும் வெளியே. அந்தக் கண்ணில் நோய் இல்லை, கோபம்தான் இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"அக்கா, சேலைய எடு."

"மாட்டேன்."

குரல் ஓட்டை விழுந்த மாதிரிக் காற்றோடு வந்தது.

"எடுன்னா எடு."

எடுத்தாள். வாயில் ஒரு பல்கூட இல்லை. கன்னம் ஒட்டி, உதடு உள்ளே போய், எங்கள் அம்மாவின் கடைசிக் கால முகம்.

ஈறு கெட்டுப்போய் ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டார்களாம். புண் ஆறின பிறகுதான் செட்டு வைப்பார்களாம். நான் ஊரில் இருந்தபோது எனக்குப் பல்செட்டு வைத்த அன்றைக்கு, தெருவில் நாலு பேர் முன்னால், "ஏட்டி, குதிரைப் பல்ல கடன் வாங்கியாந்துட்டியா?" என்றவள் இவள். தன் பல்லால் சோடா மூடி திறந்து காட்டுவாள். அவ்வளவு ஆணவம் அந்தப் பல் மேலே. இப்போது வீட்டில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வெள்ளைத்தாய்க்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் சிரிப்பாள் என்று.

நான் சிரித்தேன்.

"இதுக்குத்தான் சொல்லலட்டி" என்றாள் அக்கா.

"நீ செத்துட்டேன்னுல்லா நெனச்சேன்."

"செத்தா சொல்ல மாட்டாவளா?"

"ஆப்பிள் வாங்குதியன்னு பாய் சொன்னாரு."

அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "பல் போன வீட்லயும் வாங்கலாம்ட்டி" என்றாள்.

நடந்தது இதுதான். கஞ்சி கொடுத்தால், நான் என்ன சீக்காளியா என்று அக்கா தள்ளிவிட்டிருக்கிறாள். பாண்டிச்செல்வி சுகந்தியிடம் வழி கேட்டிருக்கிறாள். செல்வம் போன தடவை ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்த ஏர் ஃபிரையர் அங்கே ஃபிரிட்ஜ் மேல் துண்டு மூடிக் கிடந்திருக்கிறது. அதை இறக்கச் சொல்லி, எந்த ஆப்பிளை எவ்வளவு நேரம் வைத்தால் ஈறில் நசுங்குகிற பதம் வரும் என்று சுகந்தி இங்கே செய்து பார்த்து, போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். என் கிண்ணத்தில் வந்ததெல்லாம் பதம் பார்க்க. பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தின்று பாருங்கள் என்று என்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லையாம். சாப்பிட்ட பிறகு பதம் எப்படி என்று நைசாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள்.

"பட்ட போட்டா கறி வாடை அடிக்கி" என்றாள் அக்கா. "வெள்ளிக்கிழமைல்லாம் எப்படித் திங்க? சுக்கும் கருப்பட்டியும் போடச் சொல்லிட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷம் கேட்காததை அப்போது கேட்டேன்.

"அக்கா, அன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்தியே."

அவள் முந்தானையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள். வாயை மூடவில்லை. சும்மா பிடித்திருந்தாள்.

"அவிய அங்கன கெடக்கையில, புளி நல்லாருக்குன்னு சொன்னேன்க்கா. நீ கேட்டுக்கிட்டு இருந்த."

"அதுக்குத்தான்ட்டி ரெண்டாவது கரண்டி ஊத்துனேன்" என்றாள். "இனிமே இவ எந்தக் காலத்துல ருசி பாக்கப் போறாளோன்னு."

பின்னால் பாண்டிச்செல்வி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பி, "நீ எதுக்கு அழுத? அந்த ஆப்பிளக் கொண்டா, இவ முன்னாலயே திங்கேன்" என்றாள்.

8

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு சுகந்தி கையால் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு அவளிடம் சொன்னேன்.

"அக்காவுக்கு வயசாகுது. ஒரு நாள் நெசமாவே செய்தி வரும். அன்னைக்கு என்னையச் சாப்பிட வச்சுச் சொல்லாத. வந்தவொடனே சொல்லிரு."

சுகந்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள். டாக்டர் அறையிலிருந்து வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அது குரலில் தெரிந்தது.

"மாட்டேன் அத்தை."

"என்ன மாட்டேன்?"

"வெறும் வயித்தோட இருக்கிறவியகிட்ட நான் அதச் சொல்ல மாட்டேன். நீங்க ஏசுங்க, அடிங்க. சாப்பிட வச்சிட்டுத்தான் சொல்லுவேன். எங்க ஊர் புதியம்புத்தூர்லயும் அப்படித்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பொய் சத்தியம் செய்து தரவில்லை அவள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆகவே என் வழியை நானே பார்த்துக்கொண்டேன். இப்போதும் அந்தப் பெட்டியில் ஆப்பிள் வேகிறது. எங்கள் வீட்டிலும் இப்போது சுக்கும் கருப்பட்டியும்தான். கருப்பட்டி ஊரிலிருந்து வருகிறது, இங்கே அதிகாரிகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். பெட்டி கீக் என்று கத்தும். சுகந்தி கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். நான் தொட மாட்டேன்.

"மொதல்ல நீ ஒரு துண்டு சாப்பிடு."

"வேலையிலயும் இதே, வீட்லயும் இதேயா அத்தை."

"சாப்பிடு."

முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெல்லுவாள். நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது இறங்கியதும் ஸ்பூனைக் கையில் எடுப்பேன்.